ஒன்றும் இடாத பாத்தி

தமிழ்நாட்டில் அருகம்புல்லைக் காணாதார் எவரும் இலர். வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கோயில் மதிலோரத்திலும் அது தானே முளைத்துப் படர்ந்து கிடக்கும். கால்நடைகள் மேய்ந்தாலும் மக்கள் மிதித்தாலும் அது மாய்ந்துவிடுவதில்லை. கோடையில் கருகியது போலத் தோன்றினாலும், ஒரு மழை பெய்தவுடன் மீண்டும் தளிர்க்கும். அதன் தண்டுகள் மண்ணின் மேலும் ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கும். இதனாலன்றோ, மணமக்களை வாழ்த்தும் முதியோர், ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி வாழுமாறு கூறுகின்றனர்!

இவ்வெளிய புல்லுக்கு உலகெங்கும் பெருமதிப்பு உண்டு. வெப்ப நாடுகளில் விளையாட்டுத் திடல்களையும் பூங்காக்களையும் மூடிப் பசுமை தருவது பெரும்பாலும் அருகும் அதன் இனங்களுமே. அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்னும் ஊர் ஒன்று உண்டு. அங்குள்ள ஆய்வு நிலையத்தார், அருகம்புல்லையும் ஆப்பிரிக்க நாட்டு அருகினம் ஒன்றையும் கலந்து, 'டிஃப்வே' என்னும் புதிய வகையை 1960-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல நாட்டு விளையாட்டுத் திடல்களில் இன்று விரிந்து கிடக்கும் பச்சைக் கம்பளம் அதுவே. நெருக்கமாக வளர்த்து, அடிக்கடி மட்டமாக வெட்டிப் பேணப்படும் இத்தகைய புல்வெளியைப் புற்றரை என்பர்.

புற்றரை கண்ணுக்கு அழகு தருவது மட்டுமன்று. அது மண்ணைக் காற்று வாரிச் செல்லாமல் காக்கிறது. மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுக்கிறது. ஓடி விளையாடும் சிறுவர் விழுந்தால், அவர்தம் முழங்காலைக் காப்பதும் அதுவே. புல் இல்லாத திடலில் கோடையில் புழுதி பறக்கும். மாரியில் சேறு தேங்கும்.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. போர்ச்சுகீசியர் இதனைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம் என்று அழைத்தனர். 1781-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இவ்வூரருகே பொருதன. இன்று அறிவுலகம் இவ்வூரை அறிவது வேறொரு காரணத்தால் ஆகும். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் உள்ளது. கழிமுகத்தின் மீன்களையும், அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் மரங்களையும், அக்காட்டுச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களையும் அறிஞர்கள் அங்குப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

இத்தகைய கடற்கரை ஊரில் புற்றரை வளர்ப்பது எளிய செயலன்று. மண்ணில் மணல் மிகுதி. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. கோடையில் கிணற்று நீரும் உவர்க்கக்கூடும். மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச முடியாது. புல்லின் நுனி முதலில் பழுப்பு நிறம் அடையும். பின்னர்த் திட்டுத் திட்டாகத் தரை வெளிப்படும். யூரியா போன்ற உரத்தை மிகுதியாக இட்டால், சில நாட்களில் பசுமை தோன்றும் என்பது உண்மையே. ஆனால், மணற்பாங்கான நிலம் அந்தத் தழைச்சத்தைப் பிடித்து வைப்பதில்லை. மழைநீரோடு அது கீழிறங்கி நிலத்தடி நீரில் கலக்கும், கழிமுகத்தையும் அடையும். கழிமுகத்தில் தழைச்சத்து மிகுந்தால் பாசிகள் அளவின்றிப் பெருகும். அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும்; மீன்களும் இறால்களும் வருந்தும். கழிமுகத்து மீனையே நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் இஃது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

ஆதலின், இயற்கை எருக்களையும் உயிர் உரங்களையும் பலர் நாடுகின்றனர். மண்புழு உரம், பிண்ணாக்கு, பஞ்சகவ்யம், மீன் கழிவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்த சாறு, கடற்பாசியிலிருந்து எடுத்த சாறு ஆகியன ஒரு வகை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம், மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா, நோய்ப் பூசணங்களை அடக்கும் டிரைக்கோடெர்மா ஆகிய நுண்ணுயிர்கள் மற்றொரு வகை. இவற்றை விற்போர், ஒவ்வொன்றும் புல்லைப் பசுமையாக்கும், வேரை ஆழமாக்கும், உவரைத் தாங்கச் செய்யும் என்று கூறுவர். அவர்கள் கூறுவதனைத்தும் பொய் என்று தள்ளுவதும் தவறு. மெய் என்று ஏற்பதும் தவறு. கேட்டதை ஆராய்ந்து கொள்வதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அங்ஙனமாயின், ஆராய்வது எவ்வாறு?

"இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று பலர் எண்ணுவர். இட்டுப் பார்ப்பது மட்டும் போதாது என்பதைக் கடற்கரை மக்கள் பட்டறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே விளக்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறியது. பரங்கிப்பேட்டைப் பகுதியிலும் பல உயிர்கள் மாண்டன, வீடுகள் அழிந்தன. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கரையோர நிலங்களில் கடல்நீர் புகுந்து உப்பேற்றியது. நன்னீர் கட்டி வடித்தல், ஜிப்சம் இடுதல், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல், எருவிடுதல் முதலியவற்றை வேளாண் அறிஞர்கள் பரிந்துரைத்தனர். அடுத்த ஆண்டில், அதாவது 2005-இல், வடகிழக்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பெய்தது. மழைநீர் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கியது.

உப்பேறிய தம் நிலத்தில் ஒருவர் 2005-ஆம் ஆண்டின் இடையில் ஏதோ ஓர் உயிர் உரத்தை இட்டார் என்று கொள்க. மழைக்குப் பின்னர் நிலம் தெளிந்தது, புல் தழைத்தது. அவர் அவ்வுரத்தைப் புகழ்வார். ஆனால், நிலத்தைத் தெளிய வைத்தது உரமா, மழையா? முழு நிலத்திலும் உரமிட்டு விட்டமையால் இதற்கு விடை காண அவரால் இயலாது. உரமிடாத ஒரு துண்டு நிலத்தை அருகிலேயே விட்டு வைத்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அத்துண்டும் அவ்வாறே தழைத்திருந்தால், பெருமை மழைக்கு உரியது. அத்துண்டு வாடியிருக்க, மற்றது மட்டும் தழைத்திருந்தால், பெருமை உரத்துக்கு உரியது. ஒன்றும் இடாமல் விடப்படும் இத்தகைய பாத்தியே எல்லாச் சோதனைகளுக்கும் அளவுகோலாகும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய இடங்களுள் சிறந்தது, இங்கிலாந்திலுள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணை. அதனைத் தோற்றுவித்த ஜான் பென்னட் லாஸ் என்பவர் உரம் செய்து விற்ற வணிகர். சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு 1842-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியல் அறிஞரைத் துணையாகக் கொண்டு, தம் நிலத்தில் சோதனைகளைத் தொடங்கினார். 1856-ஆம் ஆண்டில், பழைய புல்வெளி ஒன்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு உரங்களை ஆண்டுதோறும் இட்டு வரச் செய்தார். சில பகுதிகளுக்கு ஒன்றும் இடவில்லை. உரம் விற்பவரே உரமிடாத பகுதியையும் போற்றி வைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அச்சோதனை இன்றளவும் நடைபெற்று வருகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றும் இடப்பெறாத பகுதிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட செடியினங்கள் இன்றும் வாழ்கின்றன. சுண்ணாம்பு இடாமல், அம்மோனியம் சல்பேட்டு மட்டும் மிகுதியாகப் பெற்ற பகுதிகளிலோ மண் புளித்துப் போய், இரண்டு மூன்று இனங்களே எஞ்சியுள்ளன. ஒன்றும் இடாத பகுதி இல்லையேல், இம்மாற்றத்தை எவரும் அளந்திருக்க முடியாது.

நம் நாட்டிலும் இந்நெறி வேரூன்றியது. கடலூர் மாவட்டத்துப் பாலூரில் 1905-ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆய்வுப் பண்ணை ஏற்பட்டது. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையான உரச் சோதனை ஒரு நூற்றாண்டைக் கடந்து நின்றது. தொழு உரம் பெற்ற பாத்தியும், செயற்கை உரம் பெற்ற பாத்தியும், ஒன்றும் பெறாத பாத்தியும் அங்கு அருகருகே விளங்கின.

எனினும், ஒரே ஒரு பாத்தியை மற்றொரு பாத்தியோடு ஒப்பிட்டால் போதுமா? போதாது. ஒரே திடலில் ஒரு மூலை மேடாகவும், ஒரு மூலை பள்ளமாகவும் இருக்கும். ஒரு பக்கம் நிழல் விழும். 1919-ஆம் ஆண்டில் ரோதம்ஸ்டெட்டில் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் என்னும் கணித அறிஞர் இதற்கு வழி கண்டார். ஒவ்வொரு பொருளையும் பல பாத்திகளில் இட வேண்டும். எந்தப் பாத்திக்கு எந்தப் பொருள் என்பதை மனம் போன போக்கில் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய வேண்டும். நிலத்தின் இயல்பு மாறுமிடத்து, அம்மாற்றத்தை ஒட்டி நிலத்தைத் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இம்மூன்றும் அவர் வகுத்த நெறிகள். 1935-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இவற்றை உலகெங்கும் பரப்பியது. நடுநிலையோடு ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலையிட்டு எடுத்த சோழ நாட்டு மக்களின் வழிவந்தோர்க்கு, சீட்டின் நேர்மையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

பரங்கிப்பேட்டை போன்ற ஊரில், ஒரு பள்ளித் திடலில் இச்சோதனையை நடத்துவதாகக் கொள்க. கடற்பக்கத்தில் உப்பு மிகுதி, மறுபக்கத்தில் குறைவு. ஆதலின், கடற்பக்கம் தொடங்கித் திடலை நான்கு தொகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும், இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஆறு பாத்திகள் அமையும். ஆக, மொத்தம் 24 பாத்திகள். ஒன்றில் இட்ட பொருள் மற்றொன்றில் பரவாதவாறு பாத்திகளுக்கிடையே வெற்றிடம் விட வேண்டும். அருகம்புல்லின் தண்டு ஓடும் இயல்புடையதாதலின், எல்லை தாண்டுவனவற்றை அவ்வப்போது வெட்டுவதும் தேவை.

ஒரு பாத்திக்கு மண்புழு உரம், ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்குக் கடற்பாசிச் சாறு, ஒன்றுக்கு உயிருள்ள அசோஸ்பைரில்லத் தூள், ஒன்றுக்கு, நீராவியில் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்ற அதே தூள், எஞ்சிய ஒன்றுக்கு ஒன்றும் இல்லை. எதற்கு எது என்பதை ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியே சீட்டு முடிவு செய்யும்.

இங்குக் கூர்ந்து நோக்க வேண்டியவை சில உண்டு. கடற்பாசிச் சாற்றை நீரில் கலந்தே தெளிப்பர். பசுமை அச்சாற்றால் வந்ததா, நீரால் வந்ததா என்ற ஐயம் எழக்கூடாது. ஆகவே, ஏனைய பாத்திகள் யாவும் அதே அளவு நீரைப் பெறுதல் வேண்டும். செத்த நுண்ணுயிர்த் தூளை இடுவதும் இத்தகைய காரணத்தாலேயே. உயிருள்ள தூளும் செத்த தூளும் ஒரே பயனைத் தந்தால், பயன் தந்தது நுண்ணுயிர் அன்று. அதனைத் தாங்கிய தூளே என்பது தெளிவாகும்.

மண்புழு உரத்துக்கும் யூரியாவுக்கும் உள்ள ஒப்பீடு தழைச்சத்தின் அளவைக் கொண்டு அமைய வேண்டும். ஒரு பாத்திக்கு 1,200 கிராம் மண்புழு உரம் இடுவதாகவும், அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தழைச்சத்து இருப்பதாகவும் கொண்டால், பாத்தி பெறும் தழைச்சத்து 18 கிராம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. ஆகவே, ஏறத்தாழ 39 கிராம் யூரியா அதற்கு ஈடாகும். இவ்வாறு சமன் செய்யாமல், "எரு வென்றது, உரம் தோற்றது" என்று கூறுவது முறையன்று. யூரியாவின் சத்து விரைவில் கரையும். எருவின் சத்து மெல்ல மெல்ல வெளிப்படும். ஆதலின், சில வாரங்களில் முடிவு கூறாமல், கோடையும் மாரியும் கடக்கும் வரையில் காத்திருத்தல் வேண்டும்.

பயனை அளப்பதிலும் நேர்மை வேண்டும். புல்லின் நிறத்துக்கும் நெருக்கத்துக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் இடுவது புற்றரை ஆய்வாளர் வழக்கம். ஒன்பதே மிகச் சிறந்தது. மதிப்பெண் இடுபவர், எப்பாத்திக்கு எது இடப்பட்டது என்பதை அறியலாகாது. அறிந்தால், அவரையும் அறியாமல் விருப்பு வெறுப்புப் புகுந்துவிடும். ஒரு மீட்டர்ச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பத்து நூல்களைக் கட்டினால் நூறு சந்திப்புகள் உண்டாகும். அவற்றுள் எத்தனையின் கீழே புல் உள்ளது என்று எண்ணினால், தரையில் நூற்றுக்கு எத்தனை பங்கைப் புல் மூடியுள்ளது என்பது விளங்கும். வெட்டிய புல்லை உலர்த்தி நிறுக்கலாம். வேரின் ஆழத்தையும் மண்ணின் உப்பையும் அளக்கலாம்.

உயிர் உரங்களைச் சோதிப்போர் மற்றொன்றையும் மறத்தல் கூடாது. அவை பெயருக்கேற்ப உயிருள்ளவை. வெயிலில் கிடந்தாலும், காலங் கடந்தாலும் பொட்டலத்துக்குள்ளேயே மடிந்துவிடும். இதனைக் கருதியே, இந்திய அரசின் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில், 2006-ஆம் ஆண்டில் உயிர் உரங்களுக்கும் அளவு வகுக்கப்பட்டது. அசோஸ்பைரில்லத் தூளாயின் ஒரு கிராமில் ஐந்து கோடி உயிரணுக்களேனும் இருத்தல் வேண்டும். நீர்மமாயின் ஒரு மில்லி லிட்டரில் பத்துக் கோடி இருத்தல் வேண்டும். கடற்பாசிச் சாறு போன்ற வளர்ச்சித் தூண்டிகளும் 2021-ஆம் ஆண்டில் அவ்வாணைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே, ஓர் உயிர் உரம் பயன் தரவில்லையெனின், அதனைப் பழிப்பதற்கு முன்னர், இடப்பட்டபோது அதில் உயிர் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

இறுதியாக, கிடைத்த எண்களை எவ்வாறு படிப்பது? நான்கு தொகுதிகளிலும் ஒன்றும் இடாத பாத்திகள் முறையே 5, 7, 6, 6 மதிப்பெண் பெற்றன என்று கொள்க, சராசரி 6. ஒரு பொருள் இட்ட பாத்திகள் 6, 7, 5, 8 பெற்றன, சராசரி ஆறரை. அரை மதிப்பெண் கூடியது கண்டு மகிழலாமா? கூடாது. ஒரு தொகுதியில் அப்பொருள் முந்தியது, மற்றொன்றில் பிந்தியது. ஒன்றும் இடாத பாத்திகளுக்குள்ளேயே இரண்டு மதிப்பெண் வேறுபாடு இருக்கிறது. மற்றொரு பொருள் இட்ட பாத்திகள் 8, 8, 7, 8 பெற்றால், அது நான்கு தொகுதிகளிலும் ஒன்றும் இடாத பாத்தியை வென்றது. அதனை நம்பிக்கையோடு மேலும் சோதிக்கலாம். மறு ஆண்டும் அது வென்றால், நம்பிக்கை உறுதிப்படும்.

சோதனையில் எப்பொருளும் வெல்லாமற் போகலாம். அதனைத் தோல்வி என்று கருதலாகாது. பயனற்ற பொருளுக்குச் செலவாகவிருந்த பணம் மிஞ்சியது அன்றோ! அப்பணத்தில் திடலுக்கு நல்ல நீர் கிடைக்க வழி செய்யலாம். உவரைத் தாங்கும் புல்வகையை நடலாம். 'இயற்கை' என்ற பெயர் பெற்றமையால் மட்டும் ஒரு பொருள் நன்மையுடையதாகிவிடாது. மக்காத எருவோடு களை விதைகளும் வரும். உப்புக் கலந்த மீன் கழிவு, உவர் நிலத்தில் மேலும் உவரேற்றும். அவ்வாறே, விற்பனைக்கு வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் ஏமாற்றாகிவிடாது.

உரமிட்ட பாத்தியைக் கண்டு வியப்பவர் பலர். ஒன்றும் இடாத பாத்தியைப் போற்றுபவர் சிலரே. ஆனால், வெளிறிக் கிடக்கும் அச்சிறு நிலமே மழையின் பங்கு எது, உரத்தின் பங்கு எது என்பதைப் பிரித்துக் காட்டும் நடுவர். அது விற்பவருக்கும் அஞ்சாது, வாங்குபவருக்கும் இணங்காது. அதனைக் காத்து வைக்கும் பொறுமையும், அது கூறும் தீர்ப்பை ஏற்கும் நேர்மையும் உடையவரே நிலத்தின் உண்மையை அறிவர்.